மீட்டர்காரர் வீட்டுக்கு ஒரு கோல்

எங்கள் ஊரில் கோப்பை இறுதிப்போட்டியில் கோல் விழுந்தால் யாரும் உடனே கத்தமாட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. பந்து வலைக்குள் போனதும் மைதானம் மொத்தமும் ஒரு மூச்சு நேரம் வாயை மூடிக்கொண்டு, தகரக் கூரை போட்ட மைக் மேடையைத் திரும்பிப் பார்க்கும். அங்கிருந்து மீட்டர் அண்ணன் சொல்லவேண்டும், "தச்சர் வீட்டுக்கு ஒரு கோல்!" என்று. அடித்தவன் பெயர் வராது, சட்டை எண் வராது, வீடுதான் வரும். அவர் சொல்லி முடித்த பிறகுதான் கூச்சல், விசில், குதியாட்டம் எல்லாம். லீக் ஆட்டங்களில் அவரும் மற்றவர்களைப் போல எண்ணைத்தான் சொல்வார். வீட்டைச் சொல்வது வருஷத்தில் ஒரே நாள்.

அந்த மேடையில் அவருக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபையர் குமிழ்களைத் திருகிக்கொண்டு இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். மைக் செட் கடை வைத்திருக்கிறேன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, கோபப்படவும் உண்டு.

மீட்டர் என்ற பெயர் அவருக்கு வேலையால் வந்தது. தண்ணீர் அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் அளவு குறிக்கிறவர். தோளில் ஒரு பை, கையில் டார்ச், மீட்டர் பதித்த தொட்டியின் மூடியைத் தூக்க ஒரு இரும்புக் கொக்கி. வாசலில் நின்று "தண்ணி மீட்டர்!" என்று ஒரு குரல் கொடுப்பார். பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும் கேட்கும், பக்கத்து வீட்டில் தூங்குகிறவனும் எழுந்துகொள்வான். குனிந்து, டார்ச் அடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு நிமிரும்போது அந்த வீட்டின் சங்கதி மொத்தமும் அவருக்குத் தெரிந்துவிடும். "போன மாசத்துல பாதிதான் ஓடியிருக்கு. பையன் வெளியூர் போயிட்டானாம்மா?" என்று கேட்பார். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எங்கள் ஊரில் கடிதம் வருவதற்கு முன்னால் மீட்டருக்குச் சேதி தெரியும் என்று கேலி பேசுவார்கள்.

குரலுக்காகத்தான் போட்டிக் குழு அவரை மைக்குக்குக் கூப்பிட்டது. முதல் இறுதிப்போட்டியில் கோல் விழுந்ததும் பதற்றத்தில் அடித்தவனின் எண் மறந்துபோனது. தெரிந்தது அவன் வீடு மட்டும்தான். வாய்தவறி, "சலவைக்காரர் வீட்டுக்கு ஒரு கோல்!" என்று சொல்லிவிட்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆனால் அங்கே படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அந்தச் சலவைக்காரரும் அவர் மனைவியும் சட்டென்று எழுந்து நின்றார்கள். ஊரே அவர்களைத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா அழுததைப் பார்த்த பிறகு யார் மாற்றச் சொல்வார்கள்? அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

இத்தனை வருஷத்தில் ஊரில் பாதி வீட்டுக்குக் கோல் கொடுத்தவர், தன் வீட்டுக்கு ஒன்று கொடுத்ததில்லை. பிள்ளை என்று இருப்பது ஒரே மகள். "எங்க வீட்டு மீட்டர் மட்டும் சுத்தவே மாட்டேங்குதுடா தம்பி," என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

மருமகன் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் இக்கரைக் கழகம், அந்தப் பக்கம் அக்கரைக் கழகம். நடுவில் ஒரு பாலம். பாலத்தில் எதிரெதிரே வந்தால் ஒருவருக்கொருவர் சிரிப்பார்கள், ஆட்ட நாளில் மட்டும் சொந்தத் தாய்மாமனையும் தெரியாது என்பார்கள். அக்கரைக்கு ஆடுகிற ஒரு வெல்டர் இருந்தான். விடுதியில் வளர்ந்த பையன், அப்பா அம்மா கிடையாது. பதினைந்து வயதிலிருந்து கிளப்பின் பின்னறையில்தான் படுக்கை. போன வருஷ இறுதிப்போட்டியில் அவன்தான் கடைசி கோலை அடித்தான். மைதானம் திரும்பிப் பார்த்தது. அண்ணன் வாயைத் திறந்துவிட்டு ஒரு கணம் திணறினார். அப்புறம், "அக்கரைக் கழகத்துக்கு ஒரு கோல்," என்றார். சொன்ன குரலில் தெம்பே இல்லை.

அன்று ராத்திரி மகள் கேட்டாளாம், "ஏம்பா, அந்த ஆளுக்கு வீடே இல்லையா?" என்று. கேள்வி அங்கே முளைத்து, கல்யாணத்தில் முடிந்தது. வெல்டர் இவர்கள் வீட்டு மாடி அறைக்கே குடிவந்தான். வீட்டோடு மாப்பிள்ளை என்று இக்கரையில் கேலி, எதிரி வீட்டில் சாப்பிடுகிறவன் என்று அக்கரையில் கேலி. அண்ணன் எதையும் காதில் வாங்கவில்லை. வரும் இறுதிப்போட்டியில் அவன் ஒரு கோல் அடிக்கவேண்டும், "மீட்டர்காரர் வீட்டுக்கு ஒரு கோல்" என்று தான் ஒருமுறை சொல்லவேண்டும், அந்த வீடில்லாத பையனுக்கு ஊரறிய ஒரு வீடு கொடுக்கவேண்டும். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. குளிக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்ப்பார் என்று அண்ணி சொல்வார்.

வருஷத் தொடக்கத்திலேயே குரல் கரகரத்தது. சளி என்றார், தூசி என்றார். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொடாத மனுஷன். லீக் ஆட்டங்களில் நான் ட்ரெபிளைக் குறைத்து, பேஸை ஏற்றி, அந்தக் கரகரப்பை மறைத்தேன். ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் கைவேலையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. அந்தக் குமிழைத் திருகாமல் விட்டிருந்தால் யாராவது நாலு பேர், "என்னண்ணே தொண்டை இப்படி இருக்கு, டாக்டரைப் பாருங்க," என்று அப்போதே துரத்தியிருப்பார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இறுதிப்போட்டிக்குப் பத்து நாள் முன்பு மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். குரல்வளையை முழுசாக எடுக்கவேண்டும். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், மூச்சு அது வழியாகத்தான். பேச்சு கிடையாது. புதன்கிழமை ஆபரேஷன். ஆட்டம் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

"நடுவுல ரெண்டு நாள் இருக்கு," என்றார் அண்ணன். சந்தோஷமாகவே சொன்னார். "சரியா வந்திருக்கு பார்."

அண்ணிக்கும் மகளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மருமகனிடம் சொல்லக்கூடாது, ஆட்டத்தில் கால் தடுமாறும் என்றார். குழுவிடமும் சொல்லக்கூடாது. "யார்கிட்டயாவது வாயைத் திறந்தே, உன் கடை வாசல் மிதிக்கமாட்டேன். பாவம் பார்த்து கைதட்டினா எனக்குப் பிடிக்காதுடா." நானும் வாயை மூடிக்கொண்டேன். கெட்டிக்காரன் என்று நினைப்பு.

இனி அந்த மஞ்சள் சட்டைக் கூத்துக்கு வருகிறேன். கோப்பையை வென்ற கிளப்தான் அடுத்த வருஷம் முழுக்க மஞ்சள் சட்டை போடலாம். தோற்றால் கழற்றிவிடவேண்டும். எங்கள் ஊரில் கோப்பையைவிட அந்தச் சட்டைக்குத்தான் மரியாதை. போன வருஷம் என்ன ஆயிற்று என்றால், இரண்டு பக்கமும் சமம், பெனால்டி உதையும் சமம், வெளிச்சம் போய்விட்டது. சரி, ஆளுக்கு ஆறு மாசம் கோப்பையை வைத்துக்கொள்ளுங்கள் என்று குழு தீர்ப்புச் சொன்னது. கோப்பையைப் பங்கு போட்டவர்கள் சட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. இரண்டு கிளப்பும் மஞ்சள் தைத்துக்கொண்டன. வெவ்வேறு பிரிவில் ஆடியதால் வருஷம் முழுக்க ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. பாலத்துக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் மஞ்சளாகக் கொடியில் காய்ந்தது. ஊர் மொத்தமும் அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தது. ஒருத்தருக்காவது உறைத்ததா? எனக்கும் உறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மதியமே மேடைக்கு வந்துவிட்டார். வெளுத்த வெள்ளைச் சட்டை, புதிதாக மழித்த முகம். பிளாஸ்கில் வெந்நீர். இரண்டு நாளாக வீட்டில் சைகைதான், தொண்டை கட்டியிருக்கிறது என்று மருமகனுக்குச் சாக்கு, பேச்சை மிச்சம் பிடித்திருந்தார். மைக்கைச் சோதிக்கக்கூட அவர் வாயைத் திறக்கவில்லை, விரலால் தட்டிப் பார்த்தார். அண்ணியும் மகளும் முதல் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

நாலு மணிக்கு இரண்டு அணிகளும் இரண்டு பக்கத்திலிருந்து ஓடி வந்தன. இருபத்திரண்டு பேரும் மஞ்சள்.

முதலில் கூட்டம் சிரித்தது. ரெஃபரி தபால் அலுவலகக்காரர், சாது. இரண்டு தலைவர்களையும் கூப்பிட்டு, யாராவது ஒருவர் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். இக்கரையின் பழைய நீலமும் அக்கரையின் பழைய வெள்ளையும் அவரவர் கிளப் அலமாரியில்தான் இருந்தன, சைக்கிளில் போனால் ஐந்து நிமிஷம். இவர்கள் மாற்றட்டும் என்று அவர்கள், அவர்கள் மாற்றட்டும் என்று இவர்கள். இரண்டு பக்கமும் ஒற்றைக் காலில் நின்றார்கள். பெரியவர்கள் இறங்கிப் பேசினார்கள். பேசப் போன பெரியவர்களே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அரை மணி போயிற்று, முக்கால் மணி போயிற்று. கூட்டத்துக்கு ஆட்டத்தைவிட இது பிடித்துப்போய்விட்டது.

அண்ணன் வெந்நீரை மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்தார். 

"நான் மைக்ல சொல்லிடட்டுமாண்ணே?" என்றேன். "ஒரே வார்த்தை. ரெண்டு பேரும் சட்டையைக் கழட்டிட்டு ஓடி வருவானுங்க."

"வேண்டாம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து மேடையிலிருந்து இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். கோட்டோரம் மருமகன் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான். அக்கரைக்கு இந்த வருஷம் அவன்தான் தலைவன். அவன் தோளைத் தொட்டுத் தனியே அழைத்தார்.

"மாப்பிள்ளை, புதன்கிழமை எனக்கு ஆபரேஷன். தொண்டையை எடுக்கறாங்க. அதுக்கப்புறம் பேச முடியாது. இன்னிக்கு ஆடிடுங்கப்பா."

அவன் முகம் வெளுத்துவிட்டது.  அப்புறம் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். நடிப்பில்லை, நெஞ்சிலிருந்து வந்த அழுகை. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"மாமா, உயிரைக் கேளுங்க, இப்பவே தரேன்," என்றான். "சட்டையை மட்டும் கேக்காதீங்க மாமா. எனக்குன்னு யாருமே இல்லாதப்போ இந்தச் சட்டைதான் வீடா இருந்துச்சு. நானே கழட்டினா, மாமனார் வீட்டுக்கு வித்துட்டான்னு சொல்லிடுவாங்க. அவங்க மாத்தட்டும். அவங்களுக்கு உங்க மேல மரியாதை இருந்தா மாத்துவாங்கல்ல?"

அண்ணன் கைகளை விடுவித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார். இக்கரைத் தலைவன் முடிதிருத்துகிறவன், அண்ணனின் தெருவே. அன்று காலையில் அவருக்கு முகம் மழித்ததும் அவன்தான். அவனிடமும் அதே நாலு வாக்கியம் சொன்னார். அவனும் அழுதான். கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "காலையில கத்தி வெச்சேனேண்ணே, ஒரு வார்த்தை சொல்லலையே," என்றான். கடைசியில், "உங்க மருமகன்தானேண்ணே அங்க தலைவன்? அவனே உங்களுக்காக மாத்தலைன்னா, நாங்க எப்படிண்ணே மாத்தறது?" என்றான்.

 அண்ணன் மேடைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷத்தில் அந்த மனுஷனின் முதுகு கூனி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

ஐந்தரை மணிக்கு ரெஃபரி பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். குழுச் செயலாளர் ஒரு துண்டுச் சீட்டை மேடைக்கு நீட்டினார். அறிவிக்கச் சொன்னார். வாசிக்கவேண்டியது யார்? அண்ணன்தான். வேறு யாரும் அந்த மைக்கைத் தொட்டதில்லை.

"நான் வாசிக்கறேண்ணே, குடுங்க," என்று கையை நீட்டினேன். தரவில்லை. தொண்டையைச் செருமினார். நான் பழக்கத்தில் ட்ரெபிளைக் குறைத்தேன்.

"இன்று நடைபெறவிருந்த கோப்பை இறுதிப்போட்டி நான்கு வாரங்களுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. ரசிகர்கள் அமைதியாகக் கலைந்து செல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்."

அந்த மைக்கில் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான். இரண்டு நாளாக மிச்சம் பிடித்த குரலை, வெந்நீர் ஊற்றிக் காப்பாற்றிய குரலை, இதற்குத்தான் செலவு செய்தார். கூட்டம் ஊளையிட்டுக்கொண்டே கலைந்தது. மகள் படியிலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை மருத்துவமனைக்குப் போனோம். நாலு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "நாலு வாரமா? மூச்சே அடைச்சுக்கும். எதுக்காகத் தள்ளணும்?" என்றார். கால்பந்து என்று சொல்ல அண்ணனுக்கு வெட்கம். "வீட்டுல ஒரு விசேஷம் சார்," என்றார்.

அதற்குள் விஷயம் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. எல்லாரும் வந்தார்கள். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அக்கரைக் கழகம் கூடி அவர் நலம்பெற வேண்டித் தீர்மானம் போட்டது. இக்கரைக் கழகமும் தனியாகக் கூடி அதே தீர்மானம் போட்டது. இரண்டையும் கண்ணாடிச் சட்டம் போட்டு, மஞ்சள் எழுத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டையும் எடுத்து வீசியிருப்பேன். "நாளைக்கு ஒரு நாள் இருக்குய்யா, நாளைக்கு ஆடித் தொலைங்களேன்!" என்று கத்தினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்கள் மாற்றுவதாக எழுதிக் கொடுத்தால் நாங்கள் ரெடி என்றார்கள். இரண்டு பக்கமும் அச்சடித்தாற்போல் ஒரே பதில்.

செவ்வாய்க்கிழமை நான் என் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "இருபத்திரண்டு வீடுண்ணே. ஒவ்வொண்ணா சொல்லிடுங்க, பதிஞ்சு வெச்சுக்கறேன். யார் அடிச்சாலும் அன்னிக்கு உங்க குரல் வரும். முதல்ல உங்க வீட்டைச் சொல்லுங்க."

மைக்கை அவர் முன்னால் வைத்தேன்.  வாயைத் திறந்தார், மூடினார்.

"அடிக்காத கோலுக்கு நான் எப்படிடா கத்துறது?" என்றார். "மீட்டரைப் பார்க்காம எண்ணை எழுதுற மாதிரி. அதை நான் ஒருநாளும் செஞ்சதில்ல." மைக்கை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டார். நான் வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தவில்லை.

புதன்கிழமை காலை பச்சைத் துணி போர்த்தி அவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது அண்ணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். "ஏதாவது சொல்லுங்க," என்றார். "ஏதாவது ஒண்ணு."

அண்ணன் யோசித்தார். 

"பின்கட்டுக் குழாய் சொட்டிட்டே இருக்கு," என்றார். "வாஷரை மாத்தச் சொல்லு."

அவ்வளவுதான். கதவு மூடிக்கொண்டது. அண்ணி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அந்த வாஷரை அண்ணி இன்னும் மாற்றவில்லை, யாரையும் தொடவும் விடுவதில்லை.

திரும்பி வந்த மனுஷன் பாதியாக இருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி, அதன் பின்னால் மூச்சு இழுக்கும் ஓசை. எழுதிக் காட்ட மகள் ஒரு சிறு பலகையும் பேனாவும் வாங்கிக் கொடுத்தாள். கொஞ்ச நாள் போனால் கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று தரலாம், அதற்கும் பழகவேண்டும் என்றார்கள். எப்படிக் கேட்கும் என்று மகள் யாரோ பேசியதைப் போட்டுக் காட்டினாள். மிக்ஸி ஓடுகிற மாதிரி இருந்தது. அண்ணன் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். அலுவலகத்தில் அவரை வெளி வேலையிலிருந்து எடுத்து மேசைக்கு மாற்றினார்கள். வாசலில் குரல் கொடுக்க முடியாதவரை எப்படி அனுப்புவார்கள்? அவர் தெருக்களுக்கு வேறு ஒருவன் போனான். அவன் அழைப்புமணியை அழுத்துவான், எண்ணைப் படம் பிடிப்பான், போய்விடுவான். யார் வீட்டில் தண்ணீர் குறைந்தது என்று கேட்க ஆளில்லை.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவரை வரவேண்டாம் என்று எல்லாரும் சொன்னோம். சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். மேடையில் தன் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். மைக்கின் முன்னால் புதிதாக ஒருவர், செயலாளரின் மைத்துனர், போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். நல்ல குரல்தான். குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு அணியும் மறுபடி மஞ்சளில் வந்தன. இதற்கென்றே போட்ட விசாரணைக் குழு நாலு வாரம் உட்கார்ந்து யோசித்து என்ன முடிவு சொன்னது தெரியுமா? நாணயத்தைச் சுண்டுவது. ரெஃபரி சுண்டினார். அக்கரை தோற்றது. மருமகனும் மற்ற பத்துப் பேரும் கோட்டோரம் போய் மஞ்சளைக் கழற்றினார்கள், பைகளிலிருந்து வெள்ளையை எடுத்து மாட்டினார்கள், ஓடி வந்தார்கள். யாரும் சாகவில்லை. யாரும் யாரையும் விற்றுவிட்டான் என்று சொல்லவில்லை. கூட்டம் கைதட்டக்கூடச் செய்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அண்ணன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதியில், ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, மருமகன் அடித்தான். இரண்டு பேரை ஏமாற்றி, இடது காலால், மூலையில். அப்படி ஒரு கோலை நான் அந்த மைதானத்தில் பார்த்ததில்லை.

மைதானம் வாயை மூடிக்கொண்டது. ஆயிரக்கணக்கான முகங்கள் மேடைப் பக்கம் திரும்பின. பழக்கம். மருமகனும் ஓடி வந்து கோட்டருகே நின்று, மார்பு ஏறி இறங்க, மேலே பார்த்தான். படியில் மகள் எழுந்து நின்றிருந்தாள். அண்ணியும் எழுந்திருந்தார், எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். வாய் திறந்தது. உதடுகள் "மீட்டர்காரர்" என்று சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன். கழுத்துத் துணி உப்பியது, உள்ளே ஒடுங்கியது, மறுபடி உப்பியது. காற்று மட்டும் வந்தது. என் கை இருக்கிறதே, பாழாய்ப்போன கை, இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் வால்யூம் குமிழைப் பிடித்து முழுதாகத் திருகிவிட்டது. ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒன்றாகக் கீச்சிட்டன. மைதானம் காதைப் பொத்திக்கொண்டது.

கீச்சு அடங்கியதும் ஸ்டூடியோக்காரர் சொன்னார், "கோல்! அக்கரை அணி, ஒன்பதாம் எண்." அங்கங்கே கொஞ்சம் கைதட்டல் வந்தது. அண்ணன் உட்கார்ந்தார்.

அந்த ஒரு கோலில் அக்கரை வென்றது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மருமகன் கோப்பையைக் கிளப்புக்குக் கொண்டுபோகாமல் நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தான். தோளில் மஞ்சள் சட்டை கிடந்தது. கோப்பையை அவர் முன்னால் தரையில் வைத்தான். அவர் கால் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அண்ணி சமையலறை வாசலில் நின்றார், மகள் அவன் பின்னால் நின்றாள். நான் மைக் வயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பாமல் நின்றேன்.

"மாமா," என்றான்.  "இன்னிக்கு நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? எழுதியாவது காட்டுங்க மாமா. நான் வெச்சுக்கறேன்."

பலகையை எடுத்து அவர் மடியில் வைத்தான். பேனா மூடியையும் அவனே கழற்றிக் கொடுத்தான். அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் கிடந்த சட்டையைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, மீட்டர் எண் குறிக்கிற அதே நிதானத்தோடு எழுதி, பலகையைத் திருப்பிக் காட்டினார்.

மருமகன் படித்தான்.  என்ன எழுதியிருக்கிறார் என்று மகள் பலகையை வாங்கி, முதல் வார்த்தையைச் சந்தோஷமாகவே ஆரம்பித்துச் சத்தமாக வாசித்தாள்.

"சட்டை மாத்த எவ்வளவு நேரம் ஆச்சு?"

 பின்கட்டில் குழாய் சொட்டுவது கேட்டது. அண்ணன் பதிலுக்குக் காத்திருந்தார். கோபமாகக்கூட இல்லை அந்த முகம், அளவு தெரிந்தால் குறித்துக்கொள்ளலாம் என்பது போலத்தான் இருந்தது.

"ஒரு நிமிஷம், மாமா," என்றான் மருமகன்.

அண்ணன் தலையை ஆட்டினார். மகளிடமிருந்து பலகையை வாங்கி, உள்ளங்கையால் துடைத்து, பக்கத்தில் வைத்துவிட்டார்.